கவுன்டர் கார்டுக்கு என்ன விலை வைப்பது? 2 என்றால் சண்டை, 3 என்றால் சீந்த ஆளில்லை

விளக்கெண்ணெய் எழுதியது:

வணக்கம். ஒன்றரை வருடமாக நானும் தம்பியும் மாமா பெண்ணும் சேர்ந்து ஒரு கார்டு கேம் செய்துகொண்டிருக்கிறோம். விற்பதற்கெல்லாம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் ஆடுவதற்குத்தான். மேஜிக், ஹார்த்ஸ்டோன் என்ற இரண்டு கார்டு கேமும் ஆடிப் பழகியதில் வந்த ஆசை. மந்திரவாதிகள் சண்டை போடுகிறார்கள், அந்த ஆட்டங்களில் கார்டு போடக் கொடுக்கும் மானாவுக்குப் பதில் எண்ணெய் (என் பெயர் அங்கிருந்து வந்ததுதான், வீட்டில் வைத்த பட்டம்). முதல் டர்னில் 1 எண்ணெய், இரண்டாவதில் 2, அப்படியே 8 வரை ஏறும். டெக்கில் (ஒருவர் ஆட எடுத்துவரும் கட்டு) 40 கார்டு, ஒரே கார்டை 3 வரை போடலாம்.

தலைவலி "வாய்க்கட்டு" என்ற கவுன்டர் கார்டில். எதிராளி எதைப் போட்டாலும், பூதமோ மந்திரமோ, அந்த இடத்திலேயே அது ரத்து. முதலில் விலை 2 வைத்தோம். தம்பி 2 எண்ணெயை மேசையில் மீதம் விட்டுவிட்டு, கையில் இருக்கும் கார்டின் விளிம்பை நகத்தால் தட்டிக்கொண்டே "ம், போடு, போடு" என்பான். அந்தச் சத்தம் கேட்டாலே மாமா பெண்ணுக்கு எரிச்சல் ஏறிவிடும். நான்காவது டர்னில் மதயானை வைத்தாள், வாய்க்கட்டு. ஐந்தாவதில் இன்னொரு யானை, அதற்கும் வாய்க்கட்டு. ஆறாவதில் கார்டுகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் காபி போடக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

சரி என்று விலையை 3 ஆக்கினோம். அடுத்த மூன்று வாரம் ஒருத்தர் டெக்கிலும் வாய்க்கட்டு இல்லை, தம்பியே தூக்கிவிட்டான். ஒரே ஒரு எண்ணெயில் இவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது? இரண்டரை என்று விலை வைக்க முடியாதே. யாராவது யோசனை சொல்லுங்கள்.

தீவுக்காரன் எழுதியது:

இந்த 2-க்கும் 3-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டது நீங்கள் மட்டும் இல்லை, மேஜிக்கே பல வருடம் அங்கேதான் தடுமாறியது. கவுன்டர்ஸ்பெல் 1993-ல் வந்த முதல் செட்டிலேயே உண்டு, விலை இரண்டு நீல மானா (அங்கே மானாவுக்கும் கார்டுக்கும் நிறம் உண்டு), ஒரே வரியில் எதிராளியின் ஸ்பெல் (அவர் போடும் கார்டு, உயிரினமானாலும்) காலி. 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு அதை ஸ்டாண்டர்டுக்கு (புது செட்களின் கார்டை மட்டும் வைத்து ஆடும் வகை) அச்சடிப்பதை நிறுத்தினார்கள். 2006-ல் டைம் ஸ்பைரல் செட்டில் கேன்சல் வந்தது, அதே வரி, ஒரு மானா மட்டும் கூடுதல். அந்தக் கார்டைப் பார்த்து நான் உதட்டைப் பிதுக்கியது இன்னும் நினைவிருக்கிறது. அப்புறம் 2021-ல் மாடர்ன் ஹொரைசன்ஸ் 2 வழியாகப் பழைய கவுன்டர்ஸ்பெல்லை மாடர்னுக்குள் (பழைய செட்களும் ஆடும் வகை) விட்டார்கள், வானமா இடிந்து விழுந்தது? மாடர்னில் எதிராளி 1 மானாவுக்கே பயங்கரமான ஆளையெல்லாம் இறக்கிவிடுகிறான், 2 மானாவை ஒதுக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பதே பெரிய செலவு. ஸ்டாண்டர்டில் அதே கார்டு அதே விலையில் தாங்க முடியாததாக இருந்திருக்கும்.

அதனால் 2-ஆ 3-ஆ என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். மூலையில் அச்சடித்த எண் பாதி விலைதான், மீதிப் பாதி அந்தக் கார்டுக்காக உங்கள் டர்னில் எதையெல்லாம் செய்யாமல் விட்டீர்கள் என்பதில் இருக்கிறது. யானை வைக்க வேண்டிய டர்னில் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், எதிராளி ஒன்றும் போடாமல் "உன் டர்ன்" என்றான், அப்போது உங்கள் டர்ன் முழுக்க வீண். கவுன்டர் ஆடுகிறவனுக்கு இந்தப் பயம் இருக்கும்வரை கார்டு நியாயமாக இருக்கும். பயம் போய்விட்டால் விலை என்ன இருந்தாலும் எதிரில் இருப்பவருக்கு ரத்தம் கொதிக்கும். 2019-ல் வைல்டர்னஸ் ரெக்லமேஷன் என்று ஒரு 4 மானா கார்டு வந்தது, பச்சை நிறம், கவுன்டருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்கள் டர்ன் முடியும்போது மானா தரும் நிலக் கார்டுகளையெல்லாம் மறுபடி நிமிர்த்திவிடும், அவ்வளவுதான். அதாவது உங்கள் டர்னிலும் முழுசாகச் செலவழிக்கலாம், எதிராளி டர்னிலும் எல்லா மானாவும் தயார். 2020 ஆகஸ்டில் ஸ்டாண்டர்டில் அதைத் தடை செய்தார்கள்.

அதனால் இரண்டு கேள்வி. உங்கள் ஆட்டத்தில் செலவழிக்காத எண்ணெய் என்ன ஆகிறது? எதிராளியின் டர்னில் போடுகிற மாதிரி வாய்க்கட்டு தவிர வேறு கார்டு ஏதாவது உண்டா? இரண்டாவதை ஏன் கேட்கிறேன் என்றால், பழைய நீல டெக்குகளில் எதிராளி ஒன்றும் போடாவிட்டால் அந்த மானாவில் கார்டு இழுத்துக்கொள்வார்கள், 2000-ல் வந்த ஃபேக்ட் ஆர் ஃபிக்‌ஷன் அப்படித்தான் ஓடியது. போட்டாலும் போச்சு, போடாவிட்டாலும் போச்சு.

நேரடித்தாக்கு எழுதியது:

ப்ரோ, கார்டையே தூக்கிவிடுங்கள். நாலு டர்ன் எண்ணெய் சேர்த்து ஆசை ஆசையாக யானை வைக்கிறோம், ஒருத்தன் இல்லை என்கிறான், அவ்வளவுதான் ஆட்டம். யானையைப் பிறகு கொன்றால்கூடப் பரவாயில்லை, ஒரு அடியாவது அடித்திருக்கும். போகிமான் கார்டில் எதிராளி டர்னில் கார்டு போடும் பேச்சே கிடையாது, சின்னப் பசங்க முதல் பெரியவர்கள் வரை ஆடுகிறார்கள். ஹார்த்ஸ்டோனிலும் எதிராளி ஆடும்போது நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, அங்கேயும் கவுன்டர்ஸ்பெல் உண்டு, ஆனால் மேஜ் (மந்திரவாதி) டெக் ஆடுகிறவர் தன் டர்னிலேயே 3 மானா கொடுத்து சீக்ரெட்டாக, மறைத்து வைத்துவிட வேண்டும். எதிராளி அடுத்துப் போடும் ஸ்பெல் (அங்கே மந்திரக் கார்டு மட்டும்) எதுவோ அது போகும். உஷாரானவன், இரண்டாவதாக ஆடுகிறவனுக்கு ஓசியில் கிடைக்கும் காயின் என்ற ஸ்பெல்லைப் போட்டு அந்தக் கவுன்டரை அதிலேயே வீணாக்கிவிடுவான். வைத்தவன் மூஞ்சியைப் பார்க்கணும். என்னைக் கேட்டால் அதுதான் ஒழுங்கான கவுன்டர்.

பழையடெக் எழுதியது:

நேரடித்தாக்கு சொல்வதில் காயின் கதை பிடித்திருக்கிறது, தூக்கிவிடு என்பது பிடிக்கவில்லை. கவுன்டரே இல்லாத ஆட்டத்தில் "இந்த ரெண்டு கார்டு சேர்ந்தால் முடிந்தது" வகை டெக்கை யார் தடுப்பது? மேஜிக்கில் லெகசி, வின்டேஜ் என்ற, மிகப் பழைய கார்டுகளும் ஆடும் வகைகள் இரண்டும் இன்றுவரை ஆடக்கூடியதாக இருப்பதற்கு 1996-ல் வந்த ஃபோர்ஸ் ஆஃப் வில் ஒரு முக்கியக் காரணம். அதற்கு மானாவே வேண்டாம், கையில் இருக்கும் இன்னொரு நீலக் கார்டையும் 1 உயிரையும் கொடுத்தால் போதும். தீவுக்காரன் சொன்ன காத்திருக்கும் செலவு அதில் இல்லை, அதற்குப் பதில் கார்டு போகிறது. எதிராளியின் ஒன்றுக்கு நம்முடையது இரண்டு. அதனால் ஆட்டத்தை முடிக்கிற கார்டு வந்தால்தான் போடத் தோன்றும், சும்மா வருகிற ஆட்டுக்குட்டிக்கெல்லாம் போட்டால் நாம்தான் காலி. ஜப்பான்காரர்களின் யூ-கி-ஓ கார்டு கேமில் சாலம் ஜட்ஜ்மென்ட் என்ற கார்டுக்கு நம் உயிரில் பாதி விலை. உயிர் 8000 இருக்கும்போது போட்டால் 4000, கடைசி 300-ல் போட்டால் 150 தான், அந்த வேடிக்கையையும் கவனியுங்கள்.

எந்தப் பூட்டும் இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2011-ல் மென்டல் மிஸ்ஸ்டெப். 1 மானா ஸ்பெல்லை மட்டும்தான் ரத்து செய்யும், கேட்க அடக்கமாகத்தான் இருக்கும். ஆனால் நீல மானாவுக்குப் பதில் 2 உயிர் கொடுக்கலாம். மானா ஒதுக்க வேண்டாம், கூடுதல் கார்டு போகாது, நீல டெக்காகக்கூட இருக்க வேண்டாம். லெகசியில் எல்லா நிறத்துக்காரனும் போட ஆரம்பித்தான், அப்புறம் எதிராளியின் மிஸ்ஸ்டெப்பை அடிப்பதற்காகவே மிஸ்ஸ்டெப் போட்டார்கள், அதுவே 1 மானா கார்டுதானே. சில மாதத்திலேயே, அதே வருடம், தடை.

விலையாக நேரத்தை வாங்குங்கள், கார்டை வாங்குங்கள், உயிரை வாங்குங்கள், இல்லையென்றால் எதை ரத்து செய்யலாம் என்பதைக் குறுக்குங்கள். எசென்ஸ் ஸ்காட்டர் உயிரினத்தை மட்டும், நெகேட் உயிரினம் இல்லாததை மட்டும், இரண்டும் 2 மானாவில் வருடக்கணக்காக ஓடுகின்றன, யாரும் கார்டைக் கவிழ்த்துவிட்டுக் காபி போடப் போகவில்லை. உங்கள் வாய்க்கட்டு எல்லாவற்றையும் கட்டுகிறது. பெயரைப் பார்த்தாலே மந்திரத்தை மட்டும் கட்ட வேண்டிய கார்டு மாதிரி இருக்கிறது, யானைக்கு எதற்கு வாய்க்கட்டு? அது என்ன மந்திரமா சொல்கிறது?

விளக்கெண்ணெய் எழுதியது:

அக்கா, யானை விஷயத்தைத் தம்பியிடம் சொன்னேன், பிளிறுவதை நிறுத்தலாம் என்கிறான்.

தீவுக்காரன் அண்ணா, எதிராளி டர்னில் போடும் வேறு கார்டு இரண்டே இரண்டு, அதையும் யாரும் அதிகம் போடுவதில்லை. ஆனால் உங்கள் முதல் கேள்வியைப் படித்ததும் தலையில் கை வைத்துவிட்டேன். செலவழிக்காத எண்ணெய் 2 வரை அடுத்த டர்னுக்கு வரும். விளக்கில் மிஞ்சிய எண்ணெயை யாராவது கீழே ஊற்றுவார்களா என்று ஆரம்பத்தில் அம்மா கேட்டார், நியாயமாகப் பட்டது, விதியில் சேர்த்துவிட்டோம். அது ஒரு விஷயம் என்றே தோன்றாததால் மேலே எழுதவில்லை.

தீவுக்காரன் எழுதியது:

அம்மா கேட்டது நியாயம்தான், ஆனால் திருடன் அங்கேதான் ஒளிந்திருக்கிறான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தம்பி மூன்றாவது டர்னில் 3 எண்ணெயில் 1-ஐச் செலவழித்து 2-ஐ நிறுத்துகிறான். எதிராளி பெரிதாக ஒன்றும் வைக்கவில்லை. அந்த 2 வீணாகவில்லை, நான்காவது டர்னில் புது 4-ஓடு சேர்ந்து 6 ஆகிறது. அதில் 4 எண்ணெய்க்கு யானையை வைத்துவிட்டு, மறுபடி 2 மீதம். ஐந்தாவதில் 7, அதில் 5 செலவு, 2 மீதம். மூன்றாவது டர்னில் ஒருமுறை பட்ட நஷ்டம்தான், அதற்கப்புறம் வாசலில் இலவசக் காவல்காரன். மாமா பெண் கார்டைக் கவிழ்த்ததில் தப்பே இல்லை, அவள் முழு எண்ணெயும் கொடுத்து வைப்பதை அவன் பழைய சில்லறையில் அடித்திருக்கிறான்.

3 ஆக்கியதும் ஏன் செத்துப் போனது என்பதும் இதிலேயே இருக்கிறது. சேமிப்பு 2 வரைதானே. 3 நிறுத்தினால் ஒவ்வொரு டர்னும் 1 ஆவியாகிவிடும். நீங்கள் விலையில் ஒன்று ஏற்றியதாக நினைத்தீர்கள், அதோடு சேர்த்து ஒவ்வொரு டர்னுக்கும் வாடகையும் போட்டுவிட்டீர்கள்.

லெஜெண்ட்ஸ் ஆஃப் ரூனெடெர்ரா என்ற கார்டு கேமில் இதே மாதிரி சேமிப்பு உண்டு, செலவழிக்காத மானா 3 வரை அடுத்த சுற்றுக்கு வரும், ஆனால் ஸ்பெல்லுக்கு மட்டும்தான் பயன்படும். அங்கே கவுன்டர் வேலை பார்க்கும் டினை என்ற கார்டு ஸ்பெல்லையும் ஸ்கில்லையும் (யூனிட்டின் திறமை) நிறுத்தும், யூனிட் (உயிரினம்) இறங்குவதைத் தொடாது. சேமிப்பைக் கொடுத்தார்கள், கவுன்டரின் வாயைச் சின்னதாக்கிவிட்டார்கள்.

நீங்கள் தலைகீழாகச் செய்து பாருங்கள்: சேமித்த எண்ணெயை உங்கள் சொந்த டர்னில் மட்டும் செலவழிக்கலாம், எதிராளி டர்னில் கூடாது. வாய்க்கட்டு 2-லேயே இருக்கட்டும்.

விளக்கெண்ணெய் எழுதியது:

இன்று ஆடிப் பார்த்தோம். தம்பி பத்து நிமிடத்தில் உடைத்துவிட்டான். சேமித்த 2-ஐ முதலில் யானைக்குச் செலவழிக்கிறான், புது எண்ணெயில் 2-ஐ நிறுத்துகிறான். எண்ணெய் டப்பா மாறியதே தவிர கணக்கு அதேதான். கூடுதலாகப் பழைய எண்ணெய்க்கு ஒரு நிறக் காய், புதுசுக்கு ஒரு நிறக் காய் என்று மேசை முழுக்கப் பரப்ப வேண்டியிருந்தது, மாமா பெண் இது என்ன ரேஷன் கடையா என்றாள்.

தீவுக்காரன் எழுதியது:

ஹஹா, தம்பிக்கு என் வணக்கம். ஆமாம், பணத்தில் எது பழைய நோட்டு எது புதிய நோட்டு என்று யார் பார்க்கிறார்கள். நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

பழையடெக் எழுதியது:

சேமிப்பை 1 ஆக்குங்கள். அம்மா மனசும் நோகாது, எண்ணெய் முழுக்கக் கொட்டவில்லை. ஆனால் வாய்க்கட்டுக்கு 2 நிறுத்தினால் 1 தான் திரும்பி வரும், ஒவ்வொரு டர்னும் 1 எண்ணெய் வாடகை. நான்காவது டர்னில் 4-உம் 1-உம் சேர்த்து 5, அதில் 2 நிறுத்தினால் 3 எண்ணெய்க்குத்தான் ஆட முடியும், யானை வராது. காவலா யானையா என்று தம்பி ஒவ்வொரு டர்னும் முடிவெடுத்தாக வேண்டும். தீவுக்காரன் சொன்ன வாடகையேதான், 3 எண்ணெய் கார்டில் இருந்ததை 2 எண்ணெய் கார்டுக்கு மாற்றுகிறோம், இரண்டரை விலை கேட்டீர்களே, கிட்டத்தட்ட அதுதான்.

இன்னும் கடுப்பாக இருந்தால் தப்பிக்கும் வழி ஒன்று கொடுங்கள். 1998-ல் வந்த மானா லீக் 2 மானா, எதிராளி கூடுதலாக 3 கொடுத்தால் ஸ்பெல் தப்பிக்கும். ஆரம்பத்தில் அது கவுன்டர்ஸ்பெல்லுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை, பத்தாவது டர்னில் வெறும் காகிதம். அடி வாங்குகிறவருக்கு ஒரு டர்ன் பொறுத்திருக்கலாமா என்று யோசிக்க இடம் கிடைக்கிறது, "என்னால் ஒன்றுமே செய்ய முடியவில்லை" என்ற கடுப்பு பாதியாவது இறங்கும். உங்கள் ஆட்டத்தில் எண்ணெய் 8-க்கு மேல் போகாது, அதனால் 3 அதிகம், 2 போதும்.

யார் முதலில் ஆடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். முதலில் ஆடுகிறவருக்கு வாய்க்கட்டு எதிராளியின் இரண்டாவது டர்னுக்கே தயார். இரண்டாவதாக ஆடுகிறவருக்கு 2 எண்ணெய் வரும்போது எதிரில் ஏற்கெனவே ஒரு ஆள் நின்றுகொண்டிருப்பான், மேசையில் நிற்பவனைக் கவுன்டரால் ஒன்றும் செய்ய முடியாது. ஏற்கெனவே முதல் ஆட்டக்காரருக்குச் சாதகம் என்றால் இது இன்னும் ஏற்றும்.

அப்புறம் கார்டில் என்ன எழுதியிருக்கிறது? "ரத்து" என்று மட்டும் இருந்தால் சண்டை வரும். ரத்தான கார்டு குப்பைக்குப் போகிறதா, கைக்குத் திரும்புகிறதா, கொடுத்த எண்ணெய் போனது போனதுதானா, வாய்க்கட்டையே வாய்க்கட்டால் அடிக்கலாமா. கைக்குத் திரும்புவது சின்ன விஷயம் இல்லை, 2005-ல் வந்த ரிமாண்ட் ஸ்பெல்லைக் கைக்கு அனுப்பிவிட்டு நமக்கு ஒரு கார்டும் இழுக்கக் கொடுக்கும், வாங்கியவனுக்கு ஒரு டர்ன் போச்சு ஆனால் கார்டு பத்திரம். மேஜிக்கிலேயே 1999-ல் ஆறாம் பதிப்பு விதிகள் வரும்வரை எது முதலில் நடக்கும் என்பது பெரிய குழப்பம், அப்புறம்தான் ஸ்டாக் வந்தது. தட்டு மேல் தட்டு அடுக்குவது போல, கடைசியாக வைத்தது முதலில் நடக்கும். அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரடித்தாக்கு எழுதியது:

நான் இன்னும் தூக்கிவிடு கட்சிதான். ஆனால் சேமிப்பு 1 பரவாயில்லை. தூக்க மாட்டீர்கள் என்றால், ரத்து செய்ய முடியாத யானை ஒன்றாவது வையுங்கள், கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும் சரி. மேஜிக்கில் 2012-லேயே கேவர்ன் ஆஃப் சோல்ஸ் என்று, உயிரினத்தை அப்படி ரத்து செய்ய முடியாததாக்கும் நிலமே வந்துவிட்டது.

தீவுக்காரன் எழுதியது:

அதை இப்போதே வைக்காதீர்கள். ரத்து செய்ய முடியாத கார்டு ஒன்று வந்தால் எல்லாரும் அதை மட்டுமே போடுவார்கள், வாய்க்கட்டு மறுபடி பெட்டிக்குள் போகும், அப்புறம் அதற்குப் பதில் கார்டு, அதற்குப் பதில் இன்னொன்று. முதலில் சேமிப்பு 1-ஐ மட்டும் மாற்றி இரண்டு வாரம் ஆடுங்கள். ஒரே நேரத்தில் மூன்று விஷயத்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

விளக்கெண்ணெய் எழுதியது:

இரண்டு வாரம் ஆகிவிட்டது. சேமிப்பு 1, வாய்க்கட்டு 2, வேறு எதையும் தொடவில்லை. ரத்தான கார்டு குப்பைக்கு, எண்ணெய் திரும்பாது, வாய்க்கட்டை வாய்க்கட்டலாம் என்று கார்டிலேயே எழுதிவிட்டோம், எழுத்து எறும்பு சைஸில் இருக்கிறது, பரவாயில்லை.

தம்பி டெக்கில் 3 வாய்க்கட்டு போட்டிருந்த இடத்தில் இப்போது 2 போடுகிறான். நான்காவது டர்னில் ரொம்ப நேரம் யோசிக்கிறான், முன்பெல்லாம் யோசிக்கவே மாட்டான். நானும் ஒன்று சேர்த்திருக்கிறேன். முதலில் ஆடுகிறவர் சாதகம் அக்கா சொன்னபடியே இருக்கிறது, அதை எப்படிச் சரிக்கட்டுவது என்று இன்னும் தெரியவில்லை, இரண்டாவதாக ஆடுகிறவருக்கு ஒரு கார்டு கூடுதலாகக் கொடுத்துப் பார்க்கப் போகிறோம்.

மாமா பெண் ஒரு வாய்க்கட்டும் எடுக்கவில்லை, அந்தக் கார்டைத் தொட மாட்டேன் என்று சத்தியமே செய்திருக்கிறாள். போன ஞாயிறு ஐந்தாவது டர்னில் 2 எண்ணெயை மேசையில் விட்டுவிட்டு, கையில் இருந்த கார்டை நகத்தால் தட்ட ஆரம்பித்தாள். "ம், போடு, போடு." தம்பி முகம் மாறிவிட்டது. கையில் யானையை வைத்துக்கொண்டே இரண்டு டர்ன் சின்னச் சின்ன ஆட்டுக்குட்டியாக வைத்தான். அந்த ஆட்டத்தில் அவள்தான் தோற்றாள், இல்லாத காவலுக்கு டர்னுக்கு 1 எண்ணெய் வாடகை கட்டினால் வேறென்ன ஆகும். ஆட்டம் முடிந்ததும் கையைத் திருப்பிக் காட்டினாள், மூன்றும் மதயானை.